எலும்பு கரைவது ஏன்? சிறுநீரில் விடை தேடிய ஆல்பிரைட்

சாப்பாட்டிலிருந்து, முக்கியமா புரதத்திலிருந்து, உடம்பில் தினமும் அமிலம் சேருது. அதைச் சிறுநீரில் வெளியேற்றுவது கிட்னியின் வேலை. அது தவறினா எலும்பே கரையும்னு விளக்கியவர் ஃபுல்லர் ஆல்பிரைட்.

1900-ல் அமெரிக்காவின் பஃபலோவில் பிறந்து, ஹார்வர்டில் படித்து, பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வேலை பார்த்தார். அவர் வார்டில், நோயாளிக்குள் போகும் கால்சியம் எவ்வளவு, சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறுவது எவ்வளவு என எல்லாமே கணக்கு. சலிப்பான வேலைதான், ஆனா விடை அங்கேதான் கிடைச்சது. சிலருக்கு ரத்தத்தில் அமிலம் கூடியும் சிறுநீரில் கூடவில்லை. அதை ஈடுகட்ட எலும்பிலிருந்து கால்சியம் இறங்கி, கிட்னியில் படிந்தது. காரத்தன்மையுள்ள உப்புகள் கொடுத்ததும் எலும்பு தேறியது. 1946-ல் இதை விரிவாக எழுதினார்.

1959-ல் பிரிட்டன் டாக்டர்கள் ராங், டேவிஸ் இதற்கொரு டெஸ்ட் கொண்டுவந்தார்கள். அம்மோனியம் குளோரைடு கொடுத்து, சில மணி நேரம் சிறுநீரை அளப்பார்கள். அமிலம் கூடினால் பிஹெச் குறையும். அது 5.3-க்குக் கீழே போனா கிட்னி சரி.

அப்போது ஆல்பிரைட்டால் பேச முடியாது. முப்பதுகளிலேயே வந்த பார்கின்சன் நோயோடு, கை நடுங்க நடுங்க வேலை பார்த்தவர். 1956-ல் நடந்த மூளை அறுவை சிகிச்சையில் ரத்தக்கசிவு. பிறகு 13 வருஷம், தான் வேலை பார்த்த அதே மருத்துவமனையில் படுக்கை. 1969-ல் இறந்தார்.