அருளானந்தர்

அருளானந்தர் (மார்ச் 1, 1647 – பெப்ரவரி 4, 1693) தமிழகத்தில் பணியாற்றிய போர்த்துக்கேய இயேசு சபைக் குருவும் கத்தோலிக்கப் புனிதரும் ஆவார். இவரது இயற்பெயர் ஜான் தெ பிரித்தோ என்பதாகும். மறவர் நாட்டு மன்னரின் ஆணைப்படி ஓரியூரில் கொல்லப்பட்டார். சமயப் பணிக்கும் அரச அதிகாரத்துக்கும் இடையிலான உறவைப் புரிந்துகொள்ள இவரது வாழ்க்கை முக்கியச் சான்றாகக் கருதப்படுகிறது.

இளமை

இவர் லிஸ்பன் நகரில் உயர்குடிக் குடும்பத்தில் பிறந்தார். இவரது தந்தை பிரேசிலின் ரியோ தெ ஜெனிரோவில் ஆளுநராக இருந்து அங்கேயே இறந்தார். சிறுவயதில் அரண்மனையில் வளர்ந்த பிரித்தோ, பின்னாளில் இரண்டாம் பேதுரு என்ற பெயரில் அரசரான இளவரசரின் தோழராக விளங்கினார். 1662 இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1673 இல் குருப்பட்டம் பெற்றுக் கோவா வந்தடைந்தார்.

செஞ்சியில்

16 ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் கிறித்தவம் பரவியபோது அதற்குப் போர்த்துக்கேயரின் கடற்படைப் பாதுகாப்பு இருந்தது. 1606 இல் இராபர்ட் தெ நோபிலி தொடங்கிய மதுரை மறைப்பணித் தளத்துக்கோ உள்நாட்டில் அத்தகைய பாதுகாப்பு இல்லை. அங்கிருந்த குருக்கள் நாயக்கர்களின், பாளையக்காரர்களின் இசைவை நம்பியே வாழ வேண்டியிருந்தது. செஞ்சியில் இந்த இசைவு முன்னரே கிடைத்திருந்தது. 1597 இல் செஞ்சிக்கு வந்த இயேசு சபைப் பார்வையாளர் நிக்கோலா பிமெந்தாவைக் கிருட்டிணப்ப நாயக்கர் வரவேற்றார்.

1674 இல் செஞ்சிப் பகுதியின் எல்லையிலிருந்த கோலை என்னும் ஊரில் பிரித்தோ தம் பணியைத் தொடங்கினார். சமணர்களின் மடம் அமைந்த மேல்சித்தாமூரும் செஞ்சி வட்டாரத்திலேயே உள்ளது. பிரித்தோ காவியுடை தரித்துப் பண்டாரசாமியாக வாழ்ந்தார்; புலால் உண்ணவில்லை. அருளானந்தர் என்ற பெயரையும் ஏற்றார். நாயக்கர் ஆட்சி 1649 இலேயே முடிந்து பீசப்பூர் சுல்தானின் வசமிருந்த செஞ்சியை 1677 இல் சிவாஜி கைப்பற்றினார். இவ்வாறு ஆட்சிகள் மாறிய காலத்தில், ஒருவர் அளித்த இசைவை அடுத்தவர் மதிப்பார் என்ற உறுதி இல்லை.

முதல் கைது

1685 இல் அருளானந்தர் மதுரைத் தளத்தின் தலைவரானார். 1686 இல் மறவர் நாட்டில் போதித்தபோது கைது செய்யப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளானார். இராமநாதபுரத்தில் இவரை விசாரித்த இரகுநாத கிழவன் சேதுபதி, தம் நாட்டில் போதிக்கக் கூடாது என்ற ஆணையுடன் விடுதலை செய்தார்.

1687 இல் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட இவரை, இளமைத் தோழரான மன்னர் பேதுரு லிஸ்பனிலேயே தங்கும்படி விரும்பினார். அரசவைச் செல்வாக்கை ஏற்காமல் 1690 இல் இந்தியா திரும்பி, மீண்டும் மறவர் நாட்டுக்குச் சென்றார்.

தடியத்தேவரும் சேதுபதியும்

மறவர் அரச குலத்தைச் சேர்ந்த தடியத்தேவர், கடும் நோயிலிருந்து குணமடைந்ததும் கிறித்தவராக விரும்பினார். ஒரு மனைவியுடன் மட்டுமே வாழ வேண்டும் என அருளானந்தர் நிபந்தனை விதித்தார். தடியத்தேவர் அதை ஏற்று 1693 சனவரியில் திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்ட மனைவியருள் ஒருவர் சேதுபதியின் உறவினர். அவர் மன்னரிடம் முறையிட்டார்.

தடியத்தேவர் அரசுரிமை கோரத்தக்கவராகக் கருதப்பட்டதால், இம்மதமாற்றத்தை மன்னர் அரசியல் அச்சுறுத்தலாகவும் பார்த்திருக்கலாம். அருளானந்தர் படை திரட்டவில்லை, மன்னரின் ஆட்சியுரிமையை மறுக்கவுமில்லை. போதிப்பதைத் தடுக்கும் ஆணைக்கு மட்டுமே அவர் இணங்கவில்லை. ஆயினும் அரச குடும்பத்தின் மண உறவுகளைத் தொட்ட அவரது போதனை, அவர் விரும்பாமலே அரசியல் விளைவை உண்டாக்கியது.

இறப்பு

சனவரி 8 அன்று கைதான அருளானந்தர், பின்னர் இராமநாதபுரத்திலிருந்து ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். அங்கு மன்னரின் சகோதரர் உடையத்தேவர் பொறுப்பில் இருந்தார். சிறையிலிருந்து கரியை நீரில் கரைத்து எழுதிய கடிதத்தில், தம்மீது சுமத்தப்பட்ட குற்றம் சமயப் போதனையே எனக் குறிப்பிட்டார். 1693 பெப்ரவரி 4 அன்று இவர் தலை வெட்டப்பட்டது.

புனிதர் பட்டம்

1853 இல் ஒன்பதாம் பயஸ் இவருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டமும், 1947 சூன் 22 அன்று பன்னிரண்டாம் பயஸ் புனிதர் பட்டமும் வழங்கினர். இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள ஓரியூர் கத்தோலிக்கத் திருத்தலமாக விளங்குகிறது. மதுரை அருகே கருமாத்தூரிலுள்ள அருளானந்தர் கல்லூரி இவர் பெயரைத் தாங்கியுள்ளது. இவரது திருவிழா பெப்ரவரி 4 ஆகும்.