7 பாலங்களின் புதிரை அவிழ்த்த மேதை

ஆற்றின் மேல் 7 பாலங்கள். ஏழிலும் நடக்கவேண்டும். ஆனால், ஒரு பாலத்தில் ஒரு தடவைதான் போகலாம். முடியுமா?

பிரஷ்யா நாட்டின் கோனிக்ஸ்பெர்க் நகரில் இப்படி ஒரு புதிர் இருந்தது. ஒருவரும் வழி காணவில்லை. வழியே இல்லை என்று நிரூபித்தவர், கணித மேதை ஆய்லர்.

பாதிரியார் மகன்

லியோனார்டு ஆய்லர் 1707-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி சுவிட்சர்லாந்தில் பாசல் நகரில் பிறந்தார். தந்தை பாதிரியார். மகனும் பாதிரியார் ஆகவேண்டும் என்று விரும்பினார். பையனுக்கோ கணக்கின் மீதுதான் ஆசை. அவன் திறமையை அறிந்த பேராசிரியர் பெர்னூலி, தந்தையிடம் எடுத்துச் சொன்னார். தந்தை மனம் மாறினார்.

ஆய்லர் 1727-ல் ரஷ்யா சென்றார். அங்கு விஞ்ஞானக் கழகத்தில் வேலை கிடைத்தது.

எண்ணிப் பார்த்தார்

1735-ல் பாலப் புதிருக்கு விடை சொன்னார். அதற்காக அவர் நடந்து பார்க்கவில்லை. எண்ணிப் பார்த்தார்!

ஓர் இடத்துக்கு வர ஒரு பாலம் வேண்டும். அங்கிருந்து போக இன்னொரு பாலம் வேண்டும். ஆகவே, இடையில் உள்ள இடங்களில் பாலங்கள் இரட்டைப்படையாக இருக்கவேண்டும். புறப்படும் இடமும் போய்ச் சேரும் இடமும் மட்டுமே ஒற்றைப்படையாக இருக்கலாம்.

கோனிக்ஸ்பெர்க்கில் ஆறு நிலத்தை 4 பகுதிகளாகப் பிரித்தது. ஒரு பகுதிக்கு 5 பாலங்கள். மற்ற மூன்றுக்கும் மும்மூன்று. நான்குமே ஒற்றைப்படை. ஆகவே முடியாது!

குதிரையின் பாதை

பின்னர் ஆய்லர் பெர்லினில் வசித்தார். 1759-ல் வேறு ஒரு புதிரை ஆராய்ந்தார். சதுரங்கக் குதிரை 64 கட்டங்களுக்கும் போகவேண்டும். ஒரு கட்டத்துக்கு ஒரு தடவைதான். அதற்கும் பாதை கண்டார்.

கண் இழந்தார்

ரஷ்யாவில் இருந்தபோதே அவருக்கு வலது கண் பழுதாகி இருந்தது. 1766-ல் மீண்டும் ரஷ்யா திரும்பினார். சில ஆண்டுகளில் மற்றக் கண்ணும் போயிற்று. 1771-ல் வீடு தீப்பிடித்தது. உயிர் தப்பினார்.

ஆனாலும் கலங்கவில்லை. மனதிலேயே கணக்குப் போட்டார். அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். 1783-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி, 76-வது வயதில் காலமானார். அன்றுகூட ஒரு கிரகத்தின் பாதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

அவிழாத முடிச்சு

இரண்டு புதிர்களும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் வித்தியாசம் பெரிது. 700 பாலங்கள் இருந்தாலும் எண்ணிப் பார்த்தே விடை சொல்லலாம். ஒவ்வோர் ஊருக்கும் ஒரே தடவை போகவேண்டும் என்றால் அப்படிச் சொல்ல முடியாது. 10 ஊர்களுக்கே 36 லட்சத்து 28 ஆயிரத்து 800 வரிசைகள் உண்டு! ஊர்கள் கூடினால் கம்ப்யூட்டரும் திணறும்.

எந்த வரைபடத்துக்கும் சீக்கிரம் விடை சொல்லும் வழி உண்டா, இல்லையா? இதை நிரூபித்தால் 10 லட்சம் டாலர் பரிசு என்று 2000-ம் ஆண்டில் அமெரிக்காவின் கிளே கணித நிலையம் அறிவித்தது. பரிசை இன்னும் யாரும் வாங்கவில்லை.