இரைச்சலை வென்றவர்

மின்னல் வெட்டுகிறது, இடி உறுமுகிறது. பண்பலை வானொலியில் மட்டும் பாட்டு தெளிவாக வந்துகொண்டிருக்கிறது! எந்த ஆண்டவன் அருளிய வரம், தோழர்களே, இந்தத் தெளிவு? ஆண்டவன் அல்ல, 1890-ல் நியூயார்க்கில் பிறந்த எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் எனும் மனிதர் தந்தது!

பழைய முறையில், ஒலிக்கேற்ப அலையின் உயரம் கூடும், குறையும். மின்னலும் அந்த உயரத்தையே குலைக்கும். பாட்டு எது, இரைச்சல் எது என்று பெட்டி பாவம் எப்படி அறியும்? ஆர்ம்ஸ்ட்ராங் உயரத்தைக் கைவிட்டார். நொடிக்கு எத்தனை அலை என்ற எண்ணிக்கையிலே ஒலியை ஏற்றினார். பயனில்லாத வழி என்று 1922-லேயே கணித மேதை கார்சன் ஒதுக்கியது அது. இவரோ, அலைக்கு அகலமான பாதை அமைத்து, அந்த வழியிலேயே வென்றார். 1933-ல் காப்புரிமையும் பெற்றார்.

பெட்டிக்குள் நடப்பது என்ன? கம்பிச்சுருளும் மின்தேக்கியும் வேண்டிய அலையைப் பொறுக்குகின்றன. பெட்டியிலேயே பிறக்கும் இன்னோர் அலை அதனுடன் கலந்து, கையாள எளிதான இடைநிலை அலையாக்குகிறது. 1918-ல், போர்க்காலப் பிரான்சில், இதைக் கண்டவரும் அவரே! அடுத்த பகுதி அலையின் மேடுபள்ளங்களைச் சீவித் தள்ளுகிறது, ஒழிந்தது இரைச்சல்! கடைசிப் பகுதி, எண்ணிக்கையின் ஏற்ற இறக்கத்தை ஒலியாக மாற்றுகிறது.

வானத்து இரைச்சலை வென்றவரை வணிகக் கோட்டை வாழவிட்டதா? ஆர்.சி.ஏ. நிறுவனம் 1934-ல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் சோதிக்க இடம் தந்தது. சோதனை வென்றது, மறு ஆண்டே கருவிகளை அகற்றச் சொன்னது. சொந்தப் பணத்தில் ஆல்பைனில் கோபுரம் எழுப்பினார். 1945-ல் அமெரிக்க அரசின் ஆணையம் பண்பலையை வேறு அலைவரிசைக்கு மாற்றியது. மக்கள் வாங்கியிருந்த பெட்டிகள் பயனற்றுப் போயின!

உரிமைத் தொகை கேட்டு 1948-ல் வழக்குத் தொடுத்தார். ஆண்டுகள் இழுத்தன. 1950-ல் அடிப்படைக் காப்புரிமையின் காலமே முடிந்தது. முதலுக்கு முதுமை இல்லை, மனிதனுக்கு உண்டு. செல்வம் கரைந்து, உள்ளம் உடைந்து, 1954-ல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

மனைவி மரியன் தளரவில்லை. ஆர்.சி.ஏ. அந்த ஆண்டே 10 லட்சம் டாலருக்கு மேல் தந்து சமரசம் செய்தது. 1967-ல் கடைசி வழக்கும் வென்றது.

தீர்ப்பு வந்தது, கேட்கத்தான் அவர் இல்லை. தாமதித்து வரும் நீதி யாருக்குத் துணை என்பதை, தோழனே, உழைக்கும் உனக்கா சொல்லவேண்டும்?