கதிருக்கு நீர் தந்த பெரியார்

கம்பம் பள்ளத்தாக்கிலே தைப்பொங்கலையொட்டி ஜனவரி 15-ஆம் நாளன்று, கடல் கடந்து வந்த ஓர் அந்நியரின் பெயரால் உழவர் பொங்கலிட்டு மகிழ்கின்றனர். வீடுகளிலும் கடைகளிலும் அவர் படம் விளங்குகின்றது. ஆண்மக்கட்கு அவர் பெயர் வழங்குகின்றது. அவரே பெரியாற்று அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுக். அவர்தம் வரலாற்றை ஒருவாறு கூறப் புகுகின்றேன்.

இவர் 1841-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் புனா நகரிலே தோன்றினார். தந்தையார் படைத்தலைவர். 1849-இல் சிலியன்வாலாப் போரிலே அவரும் மூத்த புதல்வர் ஒருவரும் ஒரே நாளில் மாண்டனர். எட்டாண்டுப் பாலகராயிருந்த ஜான் பின்னர் இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம், அடிஸ்கோம் என்னும் இடங்களிற் கல்வி பயின்று, 1860-இல் சென்னைப் பொறியாளர் படையைச் சார்ந்து இந்தியா வந்தடைந்தார்.

இவர் செய்த உதவியின் அருமையை உணர்தற்கு நெற்பயிரின் இயல்பை முன்னர் அறிதல் வேண்டும். கம்பும் சோளமும் வறட்சி பொறுப்பன. மழை பொய்த்தால் சோளம் இலையைச் சுருட்டி, வளர்ச்சியை நிறுத்தி, அடுத்த மழைக்குக் காத்திருக்கும். நெல்லோ நீரை விரும்பும் பயிர். சேற்றிலே மூழ்கிய வேருக்கு மூச்சுக்காற்று செல்லும் வண்ணம் அதன் தண்டினுள்ளும் வேரினுள்ளும் நுண்ணிய குழாய்கள் அமைந்துள்ளன. ஒரு நாற்றே பல தூர்களாய்க் கிளைத்துப் பல கதிர்களை ஈனும். ஒவ்வொரு பூவிலும் ஆறு மகரந்தத்தாள்களும் இறகு போன்ற இரண்டு சூல்முடிகளும் உள. உமியிதழ்கள் முற்பகலிலே சிறிது பொழுது விரியும்; பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே பூ கருவுறும்; பின்னர் இதழ்கள் மூடிக்கொள்ளும். அதன்பின் ஏறத்தாழ ஒரு திங்களில் பால்பிடித்து மணி முற்றும். கதிர் வெளிவந்து பூக்கும் அந்நாட்களில் நீர் வற்றுமாயின், பயிர் பசுமையாய் நின்றும் கதிர் பதராகும். உழவன் பல திங்கள் உழைத்த உழைப்பு சில நாள் வறட்சியிலே பாழாகும்.

மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தன் மேற்புறத்தே தடுத்துக்கொள்வதால், கீழ்ப்புறம் வறண்டது. மலைக்கு அப்பால் பெரியாறு பெருக்கெடுத்து மேல்கடலிற் கலக்க, இப்பால் வைகை மணலாய்க் கிடந்தது. அந்நீரைக் கிழக்கே திருப்பும் எண்ணம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு எழுந்தது. 1808-இல் ஆய்ந்த கால்டுவெல் என்னும் படைத்துறைப் பொறியாளர் இஃது இயலாதென்றார். 1850-இல் தொடங்கிய சிறு அணையும் நோயினால் கைவிடப்பட்டது. பின்னர் 1876 முதல் 1878 வரை நேர்ந்த தாது வருஷப் பஞ்சம் சென்னை இராஜதானியில் எண்ணிறந்த உயிர்களைக் கொள்ளைகொண்டது. அதன் பின்னரே, 1882-இல், திட்டத்தைத் திருத்தி வகுக்கும் பணி பென்னிகுக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. திருவிதாங்கூர் அரசோடு 1886-இல் உடன்படிக்கை முடிய, 1887-இல் வேலை தொடங்கிற்று.

பாதையற்ற அடர்கானகம்; யானைக்கூட்டம்; ஓயாத மழை; மலைக்காய்ச்சல். தொழிலாளர் பலர் அங்கேயே மடிந்தனர். கட்டியவற்றை வெள்ளம் அடித்துச் சென்றதும் உண்டு. எனினும் அவர் தளர்ந்திலர். அவர் தம் சொத்தை விற்றுப் பணியை முடித்தார் எனப் பள்ளத்தாக்கு மக்கள் வழிவழியாகக் கூறுவர். அக்கதைக்குச் சான்று உண்டோ இல்லையோ, மக்களின் நன்றிக்கு அதுவே சான்று. கருங்கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு 155 அடி உயரத்தில் அணை எழுந்தது. மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேற்பட்ட நீளத்திலே சுரங்கமும் அமைந்தது. 1895-ஆம் ஆண்டு அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு அதனைத் திறந்துவைத்தார். மேற்கே ஓடிய ஆறு கிழக்கே திரும்பிற்று.

மதுரைச் சீமையை நோக்கிப் பாய்ந்த அந்நீர், வழியிலுள்ள கம்பம் பள்ளத்தாக்கையும் வாழ்வித்தது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல்வயலாய் அந்நீரை நம்பி நிற்கின்றது. ஜூன் திங்களில் மதகு திறந்தால் நாற்றங்கால் தழைக்கும். திறப்பது தாழ்ந்தால் இரண்டாம் போகமும் தாழும்.

அணை முடிந்தபின் பென்னிகுக் இங்கிலாந்து சென்று, கூப்பர்ஸ் ஹில் பொறியியற் கல்லூரியின் தலைவராய் 1896 முதல் 1899 வரை விளங்கினார். 1911-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ஆம் நாள் காம்பர்லி என்னும் ஊரில் உயிர் நீத்தார். லோயர்கேம்ப்பிலே 2013-இல் அவருக்கு மணிமண்டபம் எழுந்தது.

மாணவ நண்பர்காள்! பூக்கும் பொழுதிலே நீர் பெற்ற கதிரே மணி பிடிக்கின்றது. உதவியும் அத்தகையதே. காலத்தாற் செய்யின் அது விளையும். காலந் தாழ்ப்பின் பதராகும். விடுதியிலே நாம் உண்ணும் ஒவ்வொரு கவளத்திலும், நாற்று நட்ட கைகளையும், பெயர் தெரியாது மலையிலே மடிந்தோரையும், அவர்களை நடத்திய அப்பெரியாரையும் நினைத்தல் நம் கடனாகும்.