தமிழில் வைத்தியம் கற்பித்த அமெரிக்கர்

அமெரிக்கப் பெரியார் எவரெனின், லிங்கனையும் எடிசனையும் நம் மாணவர் தடையின்றிக் கூறுவர். நம் மொழிக்கே நேரில் தொண்டாற்றிய அமெரிக்கர் ஒருவர் பெயரைக் கேட்டாலோ வகுப்பில் மௌனம் நிலவும். அவரே வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்த இவர், நியூயோர்க்கில் வைத்தியங் கற்று 1845இல் தேறினார். 1847இல் அமெரிக்க மிஷனைச் சார்ந்து யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டில் மானிப்பாயில் வைத்தியப் பணியைத் தொடங்கினார். மதம் பரப்பும் நோக்குடனேயே வந்தார் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. இந்துக் கல்லூரி மலரொன்றில் அவர் தமிழ்ப்பணியைப் போற்றுதற்கு அது தடையும் அன்று.

தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்திலேதான் மாணவருக்கு வைத்தியம் புகட்டினார். ஆங்கிலங் கற்றவர்களோ அரசாங்க உத்தியோகத்தை நாடிப் பிறவூர்களுக்குச் சென்றனர். கிராமத்து நோயாளி வைத்தியரின்றியே இருந்தான். இதனைக் கண்ட கிறீன், தாயகம் சென்று 1862இல் மனைவியாருடன் மீண்டபின், 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். வெளிநாட்டார் ஒருவர் அந்நாளில் செய்த இத்துணிவு எளிதன்று. கற்பிக்க நூல் இல்லை. நூல் எழுதச் சொல் இல்லை.

சொல் தேடிய முறையிலே அவர் புலமை விளங்குகிறது. முதலிற் தமிழ் நூல்களில் தேடுவார்; அங்கே கிடையாவிடின் வடமொழியை நாடுவார்; இரண்டிலும் அகப்படாததையே ஆங்கில ஒலியோடு தமிழ்ப்படுத்துவார். கட்டர் என்பாரின் உடல் நூலை 1852இலேயே தமிழில் வெளியிட்டிருந்தார். பின்னர் பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் என நூல்கள் தொடர்ந்தன. மாணாக்கரும் மொழிபெயர்ப்பில் தோள் கொடுத்தனர். கெமிஸ்தம் என்றால் இன்றைய விஞ்ஞான மாணவர் நகைப்பர். இரசாயனம் என்னுஞ் சொல் பாடநூல்களில் நிலைபெறுமுன் ஒருவர் அந்த இடத்தை நிரப்ப வேண்டியிருந்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பாராக.

மாணாக்கர் மேனாட்டு உடைக்கு மாறுவதையும் கிறீன் விரும்பவில்லை. தம்மவரோடு தம்மவராய் வாழும் வைத்தியரையே அவர் உருவாக்க முயன்றார். அவரிடம் பயின்று வெளியேறியோர் அறுபதுக்கு மேற்பட்டோர்.

1873இல் உடல்நலங் குன்றித் தாயகம் திரும்பினார். பணியை மட்டும் விடவில்லை. வூஸ்ரரில் இருந்தவாறே தமிழ் நூல்களைத் திருத்தினார். கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தமை இதற்குச் சான்று.

அவருக்குப்பின் தமிழ்வழி வைத்தியக் கல்வி நிலைக்கவில்லை. கொழும்பில் 1870இல் தொடங்கிய வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தையே கைக்கொண்டது. இதன் இழப்பை மலைநாட்டார் நாம் நன்கு அறிவோம். கிறீன் மானிப்பாயில் நூல் எழுதிய காலத்தில், தமிழகத்திலிருந்து மாத்தளை வழியாகக் கால்நடையாய் வந்த நம் முன்னோர், கோப்பித் தோட்டங்களில் காய்ச்சலாலும் பேதியாலும் மடிந்தனர். பிற்காலத்திலும், நெஞ்சு கரிக்கிறது, கை கால் விறைக்கிறது என்று நம் தாய்மார் சொல்வதைப் பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொருவர் மொழிபெயர்த்தே வைத்தியர் அறியும் நிலை இருந்தது. இடையிலே தவறிப்போன சொல் எத்தனையோ!

கிறீன் 1884ஆம் ஆண்டு மே மாதம் வூஸ்ரரிற் காலமானார். மானிப்பாய் வைத்தியசாலை பின்னர் அவர் பெயரையே தாங்கியது. தமது கல்லறையில், தமிழருக்கு வைத்தியத் தொண்டு புரிந்தவர் என்ற செய்தி பொறிக்கப்பட வேண்டுமென அவர் விரும்பினார். அவ்வாறே பொறித்துள்ளனர்.