தென்கோடித் தேசத்தை நினைவிலிருந்து எழுதிய குரு

சேசுசபைக் குருக்களின் கல்வியைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர் சிந்தை உடனே தத்துவ போதகரிடத்தும் வீரமாமுனிவரிடத்தும் செல்லும். அது நியாயமே. பூமியின் மறுபுறத்திலோ, தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாள்போல் நீண்டு கிடக்கும் சிலி தேசத்தார், தங்கள் மண்ணிலே பிறந்து, அந்த மண்ணை அந்நிய நாட்டிலிருந்து எழுதிய ஒரு குருவைக் கொண்டாடுகிறார்கள். அவரே ஜுவான் இஞ்ஞாசி மொலினா சுவாமியார்.

1740-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி, ஸ்நாபக அருளப்பர் திருநாளன்று, மௌலே நதிப் பிரதேசத்திலுள்ள ஒரு பண்ணையில் பிறந்தார். கிழக்கே உறைபனி மூடிய ஆண்டிஸ் மலைத்தொடர். மேற்கே பசிபிக் மகா சமுத்திரம். சிறுவனாயிருக்கும்போதே செடிகொடிகளையும் பறவைகளையும் கூர்ந்து கவனிக்கும் வழக்கம் அவருக்கு உண்டாயிற்று. 15-ம் வயதில் சேசுசபையில் சேர்ந்தார். இலத்தீன், கிரேக்க மொழிகளில் தேர்ச்சி பெற்றதனால், சந்தியாகப்பர் பெயரைத் தாங்கிய தலைநகரிலே சபையாரின் நூல்நிலையம் அவர் வசம் ஒப்புவிக்கப்பட்டது. வாசிப்பில் பிரியமுள்ளவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்தப் பாக்கியம் நீடிக்கவில்லை. ஸ்பானிய அரசர் மூன்றாம் கார்லோஸ் தம் ஆட்சிக்குட்பட்ட தேசங்களிலிருந்தெல்லாம் சேசுசபையாரை வெளியேற்றக் கட்டளையிட்டார். 1767 ஆகஸ்டு மாதம் சிலியில் அக்கட்டளை நிறைவேறியது. மொலினாவுக்கு அப்போது வயது 27. இன்னும் குருப்பட்டம் பெறவில்லை. அவர் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளும் பறிபோயின. அவற்றில் ஒரு பகுதியே பிற்காலத்தில் அவர் கைக்கு வந்தது. மறு ஆண்டு கப்பலேற்றப்பட்டு, நெடிய யாத்திரைக்குப் பின் இத்தாலியிலே இமோலா நகரை அடைந்தார். அந்நிய மண்ணிலேதான் அவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது. அதன்பின் 1773-ல் பாப்பரசர் 14-ம் கிளமெந்து சேசுசபையையே கலைத்துவிட்டார். அந்தக் கலைப்பினால் நம் மதுரை மிஷனும் எவ்வளவு தவித்ததென்று நாம் அறிவோம். 1838 வரையில் அந்தச் சபையார் இங்கே திரும்பவில்லை. மொலினாவோ நாட்டையும் இழந்தார், சபையையும் இழந்தார். கலைந்த சபையின் குருவாக, வெறும் அபாத்தே மொலினா என்ற பெயரோடு பொலோஞா நகரில் குடியேறிப் பாடஞ்சொல்லிப் பிழைத்தார்.

அக்காலத்தில் ஐரோப்பாவிலே ஒரு விசித்திரமான கொள்கை பரவியிருந்தது. அமெரிக்காவில் காற்றும் நிலமும் கெட்டவை; அங்கே விலங்குகள் சிறுத்துப்போம்; மனிதரும் பலத்திலும் புத்தியிலும் குன்றினவர்களே என்று கோர்னேலியுஸ் தெ பௌ என்பவர் 1768-ல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் அமெரிக்காவைக் கண்ணாலும் கண்டவரல்லர். அவரும் ஒரு திருச்சபை ஊழியர் என்பதைச் சொல்ல நமக்கு வெட்கமாகவே இருக்கிறது.

மொலினா சுவாமியாருக்கு இது பொறுக்கவில்லை. ஆயினும் ஏச்சுக்கு ஏச்சு என்று இறங்காமல், தாம் கண்டதை ஒழுங்குபட எழுதத் துணிந்தார். 1776-ல் பெயர் போடாமல் ஒரு சிறு நூல் வெளிவந்தது. 1782-ல் சிலியின் இயற்கை வரலாறு. 1787-ல் அந்நாட்டு மக்களின் வரலாறு. இவை இத்தாலிய மொழியில் எழுதப்பட்டு, ஜெர்மன், ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய பாஷைகளில் பெயர்க்கப்பட்டன.

இயற்கை நூலைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லவேண்டும். லின்னேயுஸ் என்ற சுவீடன் தேசத்துப் பண்டிதர் வகுத்த முறைப்படி ஒவ்வொரு உயிருக்கும் இரட்டை இலத்தீன் பெயர் சூட்டினார். உரோமத்துக்குப் பேர்போன விகூஞா, நீர்க்கரையில் வாழும் கொய்ப்பூ, ஆட்டுக்குட்டியளவே உள்ள புடு மான், கழுத்து மாத்திரம் கறுத்த அன்னம், சிலி நாட்டுப் பூநாரை ஆகிய இவற்றைச் சாஸ்திரிகள் குறிக்கும்போது இன்றும் மொலினா என்ற பெயரையும் சேர்த்தே எழுதுகிறார்கள். பெஹுவேன் என்னும் மலைமரத்தையும் அவர் விவரித்தார். நாம் பலாக்கொட்டையை அவித்துத் தின்பதுபோல அவ்வூர் மலைவாசிகள் அதன் கொட்டைகளைத் தின்பார்கள். அதே குலத்து மரங்களை உதகமண்டலத்துத் தோட்டங்களில் பார்க்கலாம்.

பிழைகளும் உண்டு, மறைப்பது சரியன்று. புடு மானை வெள்ளாட்டோடு சேர்த்துவிட்டார். ஹுவெமூல் என்னும் மலைமானையோ, பிளந்த குளம்புள்ள குதிரை என்று குதிரை இனத்திலேயே வைத்தார்! பார்த்துச் சரிசெய்ய அந்த மிருகம் பொலோஞாவில் ஏது? பிற்காலத்தார் அதை மானினத்தில் சேர்த்தார்கள். ஆனால் பிளந்த குளம்பைக் குறிக்க அவர் இட்ட இலத்தீன் சொல்லை மாற்றவில்லை. அந்த மான் 1834 முதல் சிலியின் அரசுச் சின்னத்தில் நிற்கிறது. பின்னாளில் அந்நாட்டுக்குச் சென்ற டார்வின், இவ்வளவு நுணுக்கமாய் எழுதிய மொலினா ஒருவகைப் பறவைகளைப் பற்றி ஏன் வாய்திறக்கவில்லை, எந்த இனமென்று தெரியாமையால் மௌனமே மேலென்று இருந்தாரோ என வியந்து எழுதினார். பிழைபட்ட பெயரைவிட மௌனம் எவ்வளவோ மேல் என்பது அடியேனுடைய எண்ணம்.

மக்களைப் பற்றிய நூலில், மாப்பூச்சே என்னும் பூர்வகுடிகளுக்குப் பெரிய இடந்தந்தார். அப்பெயருக்கு மண்ணின் மக்கள் என்பது பொருள். ஐரோப்பியர் காட்டுமிராண்டிகள் என்று தள்ளிய அவர்களுடைய ஆட்சிமுறை, யுத்தமுறை, பாஷை ஆகியவற்றை மரியாதையோடு விவரித்தார்.

வயோதிகத்திலே வேறொரு சோதனை வந்தது. கல், மரம், விலங்கு ஆகிய மூன்று வகுப்புகளுக்கும் இடையே நாம் நினைப்பதுபோல் பெரும் சுவர் இல்லை, ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன என்ற கருத்தில் 1815-ல் பொலோஞா வித்துவ சபையில் ஒரு கட்டுரை வாசித்தார். அதிலே வேத விரோதம் உண்டென்று சிலர் முறையிட்டனர். எழுபத்தைந்து வயதுக் குரு, தம் சொந்தத் திருச்சபையின் விசாரணைக்கு உட்பட்டார்! ஆராய்ந்த வேதசாஸ்திரிகள் விசுவாசத்துக்கு மாறானது ஒன்றுமில்லை என்று கண்டனர். 1821-ல் அவருடைய கட்டுரைகள் இரண்டு பாகங்களாக அச்சேறின. இந்த அவமானத்துக்காக அவர் திருச்சபையையும் விட்டுப் பிரியவில்லை. தம் ஆராய்ச்சியையும் கைவிடவில்லை.

சேசுசபை 1814-ல் பாப்பரசர் 7-ம் பத்திநாதரால் மீண்டும் ஸ்தாபிக்கப்பட்டது. 1818-ல் சிலியும் சுதந்தரம் அடைந்தது. வழி திறந்தபோது அவருக்கு வயது போய்விட்டது. குடும்பச் சொத்தில் தமக்கு வந்த பாகத்தைத் தம் பிரதேசத்துத் தால்கா நகரில் ஒரு கல்விச்சாலை தொடங்கக் கொடுத்தார். 1827-ல் அது ஏற்பட்டது. இன்று அவர் பெயரையே தாங்குகிறது. தாம் காணாத பள்ளிக்கூடம், தாம் அறியாத பிள்ளைகள்.

1829 செப்டம்பர் 12-ந் தேதி, 89-ம் வயதில், பொலோஞாவில் மரித்தார். மரணப் படுக்கையிலே, காய்ச்சலின் தாகத்தில், ஆண்டிஸ் மலையின் குளிர்ந்த நீர் வேண்டுமென்று கேட்டார் என்பது சிலியில் கர்ணபரம்பரையாக வழங்கும் செய்தி. நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் அவருடைய எலும்புகளைக் கொண்டுவந்து, அவர் பிறந்த பண்ணைக்கு அருகே வில்யா அலெக்ரெ என்னும் ஊரின் பங்குக் கோவிலில் அடக்கம் செய்தார்கள்.