ஓட்டல் சர்வர் கழற்றிய என்ஜின்!

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர் ஜி.டி.நாயுடு. தொடக்கப் பள்ளியோடு படிப்புக்கு முழுக்குப் போட்டார்.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ‘ரட்ஜ்’ மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி ஓடியது! அன்று முதல் நாயுடுவுக்கு அதே நினைப்பு.

பணத்துக்கு எங்கே போவது? கோவையில் ஓட்டல் சர்வர் ஆனார். காசு சேர்த்தார். அந்த வண்டியையே வாங்கினார்.

வாங்கி ஊர் சுற்றினாரா? இல்லை. அக்கு அக்காகக் கழற்றிப் போட்டார்! திரும்பப் பூட்டத் தெரியாவிட்டால், ஓட்டலில் உழைத்த காசெல்லாம் பழைய இரும்புதான். பிஸ்டன் எங்கே உரசுகிறது, வால்வு எப்போது திறக்கிறது என்பதெல்லாம் பிரித்துப் பார்த்தவனுக்குத்தான் புரியும். பூட்டினார். மெக்கானிக் ஆனார்!

1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சி–பழனி பாதையில் தாமே ஓட்டினார். அது பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது.

1945-ல் கோவையில் என்ஜினீயரிங் கல்லூரி தோன்றியது. அதற்கு நாயுடுவே பிரின்சிபால்! நான்கு வருடப் படிப்பு வீண், இரண்டே போதும் என்றார். வெள்ளைக்கார அரசாங்கம் ஏற்கவில்லை. பதவியை உதறிவிட்டு வெளியே வந்தார்.